பால்கனி எஸ்எஸ் கைப்பிடி ஆடுகிறது, எவ்வளவு பலம் தாங்கும் என்று எப்படிச் சோதிப்பது?

திருவான்மியூர்_சேகர் எழுதியது:

வணக்கம். எங்கள் அடுக்ககம் திருவான்மியூரில் மாட வீதியை ஒட்டி இருக்கிறது, கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. 2009-ல் கட்டியது, நான்கு மாடி, 24 வீடு. பழைய இரும்புக் கிராதியெல்லாம் உப்புக்காற்றில் உளுத்துப்போய்விட்டது என்று 2018-ல் சங்கப் பணத்தில் எல்லா பால்கனிகளுக்கும் பொது மாடிப்படிக்கும் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடி போட்டோம். பார்க்கப் பளபளவென்று இருந்தது, எல்லோருக்கும் திருப்தி.

போன மாதம் இரண்டாவது மாடியில் ஒரு அம்மா பாயை உதறும்போது கைப்பிடியில் இடுப்பைச் சாய்த்திருக்கிறார், நடு போஸ்ட் (கைப்பிடியைத் தாங்கி நிற்கும் கம்பம்) வெளிப்பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது. நல்லவேளை, சட்டென்று பின்னால் வந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். போஸ்ட்டின் அடியில் கவிழ்த்து வைத்திருக்கும் அந்த வட்டக் கப், சம்படத்தின் மூடி மாதிரி கையோடு சுற்றியது. அதன் கீழிருந்து கிரானைட்டின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. போட்டுக்கொடுத்தவரையே கூப்பிட்டோம், வந்து அடியில் சிலிக்கான் அடைத்துவிட்டு இனி ஆடாது சார் என்று போய்விட்டார். உண்மையில் இப்போது ஆடவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் நான்தான் இந்த வருடம் செயலாளர், பங்குனியில் மருந்தீஸ்வரர் கோயில் தேர் வரும்போது ஒவ்வொரு பால்கனியிலும் உறவுக்காரர்களோடு பத்து பன்னிரண்டு பேர் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

கமிட்டியில் பாதிப் பேர் எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பார்த்தால் போதும் என்கிறார்கள், மீதிப் பேர் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் சோதனை என்று ஒன்று இருக்க வேண்டுமே? சட்டப்படி ஒரு கைப்பிடி எவ்வளவு தாங்க வேண்டும், அதை உடைக்காமல் எப்படிப் பார்ப்பது, யாரைக் கூப்பிட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை_முருகேசன் எழுதியது:

சார், அம்பத்தூர் பக்கம் 22 வருடமாக ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன், அதனால் நேராகச் சொல்கிறேன். சிலிக்கான் என்பது தண்ணீர் போகாமல் அடைக்கும் பசை. அது போஸ்ட்டைப் பிடிக்காது. ஆட்டத்தை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது உங்களுக்கு முன்பைவிட ஆபத்து அதிகம், ஏனென்றால் முன்பாவது ஆடியது தெரிந்தது. அந்த பால்கனியில் இன்றைக்கே குறுக்கே கயிறு கட்டி யாரும் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

எந்த மெஷினும் வருவதற்கு முன்னால் நீங்களே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: எல்லா கப்பையும் மேலே தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பசையால்தான் ஒட்டியிருப்பார்கள், சின்ன உளியை மெதுவாகக் கொடுத்தால் வந்துவிடும். உள்ளே பேஸ் பிளேட், அதாவது போஸ்ட்டைத் தரையோடு பிணைக்கும் அடித்தகடு, எவ்வளவு தடிமன், எத்தனை ஓட்டை, எத்தனையில் போல்ட் இருக்கிறது, அது கான்கிரீட்டுக்குள் இறங்கி இறுகப் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டா இல்லை பிளாஸ்டிக் பிளக்கில் முடுக்கிய ஸ்க்ரூவா என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் பழைய வேலைகளைப் பிரிக்கப் போகும்போது மூன்று ஓட்டையில் இரண்டில் மட்டும் ஸ்க்ரூ இருப்பதைப் பார்த்திருக்கிறேன், மூன்றாவது ஓட்டைக்கு நேராகக் கீழே கம்பி இருந்திருக்கும், டிரில் இறங்கியிருக்காது, அப்படியே விட்டுவிட்டு கப்பைப் போட்டு மூடியிருப்பார்கள்.

ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். அதன் மரையில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். கான்கிரீட் என்றால் சாம்பல் நிறத்தில் நெருநெருவென்று ஜல்லிப் பொடி இருக்கும், கையால் தேய்த்தாலும் சீக்கிரம் போகாது. வெளுத்த மாவு மாதிரி உதிர்ந்தால் அது கிரானைட்டுக்கு அடியில் போட்ட கலவை. கிரானைட் 18 எம்எம், கலவை 40 முதல் 50 எம்எம் என்று வைத்தால், இரண்டரை இன்ச் ஸ்க்ரூ கான்கிரீட்டைத் தொடவே தொடாது. வெறும் கலவையில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

பைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்ஸில் 202, 304, 316 என்று பல கிரேடு, அதாவது தரம், இருக்கிறது. உங்கள் ஊருக்கு 304 கிரேடே குறைச்சல், கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் 316 போட வேண்டும், அதில் 2 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பைக் கொஞ்சம் தாங்கும். மார்க்கெட்டில் மலிவாக ஓடுவது 202, அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. துளி மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் கிட் கடையில் கிடைக்கும், அல்லது பழைய உலோகம் வாங்கும் பெரிய இடங்களில் எக்ஸ்ஆர்எஃப் கருவி வைத்திருப்பார்கள், ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால் எது எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும்.

வெல்டிங்: போஸ்ட்டும் பேஸ் பிளேட்டும் சேரும் இடத்தைச் சுற்றி முழுவதும் ஆர்கான் வெல்டிங் ஓடியிருக்க வேண்டும். நான்கு இடத்தில் டாக், அதாவது புள்ளி வெல்டு, மட்டும் அடித்துவிட்டு பஃப் போட்டு மினுக்கியிருந்தால் வெளியே வித்தியாசம் தெரியாது. நகத்தை வைத்துச் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள், வெல்டு இல்லாத இடத்தில் நகம் இடுக்கில் மாட்டும்.

கட்டமைப்பு_செல்வி எழுதியது:

திருச்சியில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக இருக்கிறேன். முருகேசன் அண்ணன் சொன்ன வரிசைதான் சரி, முதலில் திறந்து பார்ப்பது, அதன் பிறகுதான் தள்ளிப் பார்ப்பது. நான் கணக்குப் பக்கத்தைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இதற்கான எண் ஐஎஸ் 875 (கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தரநிலை) பாகம் 2-ல் இருக்கிறது. கைப்பிடியின் மேல் விளிம்பில் பக்கவாட்டில் தள்ளும் விசை, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் இவ்வளவு என்று கொடுத்திருப்பார்கள். வீட்டுக்குள் அடங்கிய சொந்த பால்கனி, படிக்கட்டு என்றால் 0.35 கிலோநியூட்டன், அதாவது மீட்டருக்குக் கிட்டத்தட்ட 36 கிலோ எடை தள்ளுவது போல. பொது மாடிப்படி, லேண்டிங், மொட்டைமாடிக் கைப்பிடி என்றால் 0.75, அதாவது 76 கிலோ. தியேட்டர், பள்ளிக்கூடம், விளையாட்டு அரங்கம் மாதிரி கூட்டம் நெருக்கக்கூடிய இடம் என்றால் 2.25, ஏறக்குறைய 230 கிலோ. ஒரே கைப்பிடி, ஒரே பைப், ஆனால் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். தேர் பார்க்கப் பன்னிரண்டு பேர் நிற்கும் பால்கனியை அந்த 0.35 கணக்கில் விட எனக்கு மனம் வராது. அமெரிக்க விதிகளில் வீட்டுக் கைப்பிடியின் எந்த ஒரு புள்ளியில் தள்ளினாலும் 200 பவுண்டு, அதாவது 90 கிலோ தாங்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் பால்கனிகளுக்குச் சோதனை எடையாக நான் அந்த 90-ஐத்தான் எடுப்பேன்.

இப்போது அடிப்பகுதியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள், இதைப் புரிந்துகொண்டால் ஏன் எப்போதும் அடிதான் பிடுங்கிக்கொள்கிறது என்று விளங்கும். போஸ்ட் ஒரு மீட்டர் உயரம். பேஸ் பிளேட் நான்கு இன்ச் சதுரம் என்று வைப்போம். மேலே வெளிப்பக்கம் தள்ளும்போது பிளேட்டின் வெளி விளிம்பு தரையில் ஊன்றிக்கொள்ளும், உள்பக்கத்து இரண்டு போல்ட் மேலே இழுபடும். ஊன்றும் விளிம்புக்கும் இழுபடும் போல்ட்டுக்கும் நடுவே வெறும் 80 எம்எம்தான். கடப்பாரையால் பாறையைப் பெயர்ப்பது மாதிரியே இது வேலை செய்கிறது: 1000-ஐ 80-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை மடங்கு. மேலே 90 கிலோ தள்ளினால் அடியில் 1,125 கிலோ இழுவை, ஒரு போல்ட்டுக்கு 560 கிலோவுக்கு மேல். உங்கள் மாடிப்படியில் போஸ்ட்டுக்குப் போஸ்ட் 1.4 மீட்டர் என்றால் 0.75 கணக்கில் மேலே 107 கிலோ, அடியில் ஒரு போல்ட்டுக்கு 670 கிலோ. கான்கிரீட்டில் ஒழுங்காக இறங்கிய ஆங்கர் இதைத் தாங்கும். கலவையில் நிற்கும் பிளாஸ்டிக் பிளக்கால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பேஸ் பிளேட் மூன்று இன்ச் வட்டமாக இருந்தால் இன்னும் மோசம், ஊன்றுவதற்கு இடமே இல்லை.

கையால் ஆட்டிப் பார்ப்பது போதாது என்பதற்கும் இதுதான் காரணம். நின்ற இடத்தில் ஒருவர் கையால் ஆட்டும்போது பத்து இருபது கிலோ போனால் அதிகம். ஆடினால் நிச்சயம் பழுது என்று சொல்லலாம், ஆடவில்லை என்றால் எதையும் சொல்ல முடியாது.

பொலிவியாவில் எல் ஆல்ட்டோ பொதுப் பல்கலைக்கழகத்தில் 2021 மார்ச் 2 அன்று நடந்ததைச் சிலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கூட்டத்துக்கு வந்த மாணவர்கள் குறுகலான ஒரு நடைபாதையில் நெருக்கியடித்தார்கள், நான்காவது மாடியின் உலோகக் கைப்பிடி பிய்த்துக்கொண்டு போனது, குறைந்தது 7 பேர் இறந்தார்கள். அதே நடைபாதையில் தினமும் எத்தனையோ பேர் அந்தக் கைப்பிடியில் சாய்ந்து நின்று பேசியிருப்பார்கள். நான் அந்த வீடியோவை ஒருமுறைதான் பார்த்தேன், அதற்குப் பிறகு எந்த சைட்டுக்குப் போனாலும் முதலில் குனிந்து போஸ்ட்டின் அடியைத்தான் பார்க்கிறேன்.

சோதனை செய்யும் முறை. பால்கனி குறுகலாக இருந்தால் நல்லது, எதிர்ச் சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து அதிலிருந்து போஸ்ட்டின் தலைக்கு ஒரு கட்டை கொடுத்து, நடுவில் ஜாக்கியும் லோடு செல்லும் வைத்து வெளிப்பக்கமாகத் தள்ளலாம். லோடு செல் என்பது எத்தனை கிலோ தள்ளுகிறோம் என்று திரையில் காட்டும் கருவி. போஸ்ட்டின் தலை எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க ஒரு டயல் கேஜ், அதைக் கைப்பிடியைத் தொடாத தனி ஸ்டாண்டில் பொருத்த வேண்டும். முதலில் 20 கிலோ வரை தள்ளி விட்டுவிடுங்கள், இணைப்புகளில் இருக்கும் சின்னத் தொய்வு அடங்கும். கேஜை அங்கே பூஜ்யம் வையுங்கள். பிறகு பத்துப் பத்துக் கிலோவாக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் நகர்ந்ததைக் குறித்து, முழு எடையில் ஐந்து நிமிடம் நிறுத்தி, எடையை எடுத்துவிட்டு எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட எவ்வளவு திரும்பியது என்பதுதான் முக்கியம். பிரிட்டிஷ் விதியில் நகர்வு 25 எம்எம் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. திரும்புவதற்கு, நம் ஐஎஸ் 456 கான்கிரீட் தளச் சோதனைக்குச் சொல்லும் 75 சதவீதத்தை நான் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வேன், உலோகத்துக்கு அதற்கு மேலேயே எதிர்பார்ப்பேன். திரும்பவில்லை என்றால் பைப் மடங்கியிருக்கிறது அல்லது அடி பெயர்ந்திருக்கிறது, இரண்டுமே தோல்விதான்.

ஒரே போஸ்ட்டைத் தள்ளும்போது மேல் பைப் வழியாகப் பக்கத்துப் போஸ்ட்டும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், அதனால் ஒற்றைச் சோதனை உண்மையைவிட நல்ல ரிசல்ட் காட்டும். பொது மாடிப்படியில் அதை ஈடுகட்ட 107-ஐ 1.25-ஆல் பெருக்கி 134 கிலோ வரை போகச் சொல்வேன்.

இதையெல்லாம் நீங்களே ஜாக்கி வாங்கிச் செய்ய வேண்டாம். என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற கட்டுமானச் சோதனைக் கூடங்கள் சென்னையில் இருக்கின்றன, தளத்துக்கே வந்து ஆங்கர் இழுவைச் சோதனை செய்பவர்களிடம் கேளுங்கள். கூடவே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நிற்க வேண்டும். சோதனைக்கு முன்னால் கைப்பிடியை வீட்டுக்குள் ஒரு உறுதியான இடத்தோடு கயிற்றால் கட்டிவிட வேண்டும், கீழே ஆள் நடமாட்டம் இல்லாமல் தடுத்திருக்க வேண்டும்.

திருவான்மியூர்_சேகர் எழுதியது:

செல்வி மேடம், முருகேசன் சார், இருவருக்கும் ரொம்ப நன்றி. கயிறு கட்டிவிட்டோம், அந்த வீட்டு பால்கனிக் கதவையும் பூட்டியாயிற்று. ஒரு சந்தேகம். ஜாக்கிக்குப் பதிலாக லாரி பெல்ட்டை மாட்டி, நடுவில் தொங்கு தராசு வைத்து, வீட்டுக்குள் இழுத்துப் பார்க்கலாமா? எங்கள் கமிட்டியில் ஒருவர் அது சுலபம், பைப் எந்தப் பக்கம் இழுத்தாலும் பைப்தானே என்கிறார்.

கட்டமைப்பு_செல்வி எழுதியது:

பைப்புக்கு அவர் சொல்வது சரி, அடிக்குச் சரியில்லை. உள்ளே இழுத்தால் வெளிப்பக்கத்து போல்ட் இரண்டும்தான் இழுபடும், விழும்போது வேலை செய்ய வேண்டிய உள்பக்கத்து போல்ட்டுகளை நீங்கள் சோதிக்கவே மாட்டீர்கள். இன்னொன்று, வெளிப்பக்கத்து போல்ட் ஸ்லாப் விளிம்புக்கு மிக அருகில் இருக்கும், அங்கே இழுத்தால் கான்கிரீட் முனை சில்லு பெயர்ந்து, நன்றாக இருந்த இடத்தையும் கெடுத்துவிடும். எதிர்ச் சுவர் இல்லாத இடத்தில் வேறு வழி இல்லை என்றால் மட்டும் இழுங்கள், ரிப்போர்ட்டில் உள்பக்கமாக இழுத்தது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

மதுரை_கவிதா எழுதியது:

நான் இன்ஜினியர் இல்லை, ஒன்றரை வயதுப் பையனுக்கு அம்மா. பலத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், அளவைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் டேப் பிடித்துப் பார்த்தபோது கைப்பிடி 91 சென்டிமீட்டர்தான் இருந்தது. கட்டும்போது ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள், பிற்பாடு தண்ணீர் ஒழுகுகிறது என்று பழைய டைல்ஸுக்கு மேலேயே கலவை போட்டு இன்னொரு டைல்ஸ் ஒட்டியதில் தரை ஒன்பது சென்டிமீட்டர் ஏறிவிட்டது. தேசியக் கட்டட விதியில் பால்கனிக் கைப்பிடி முடிந்த தரையிலிருந்து 1 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று இருக்கிறது. சேகர் சார் வீட்டிலும் 2018-ல் கிரானைட்டை மாற்றியிருந்தால் இதையும் அளந்து பாருங்கள்.

அப்புறம் படுக்கைவசக் கம்பி. எங்கள் பால்கனியில் ஐந்து கம்பி ஏணிப்படி மாதிரி குறுக்கே ஓடுகிறது. பையன் நடக்கப் பழகிய இரண்டாவது வாரம் நான் துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் மூன்றாவது கம்பியில் நின்றுகொண்டிருந்தான், இரண்டு கையாலும் மேல் பைப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கு என் கை நடுங்கியது நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. இப்போது உள்பக்கம் முழுவதும் வழுவழுப்பான ஷீட் அடித்துவிட்டோம். கைப்பிடி எவ்வளவு பலமாக இருந்தாலும் குழந்தை ஏறிக் கடந்துவிட்டால் என்ன பயன்? நிற்கும் கம்பியாகப் போட்டால், இடைவெளியில் 10 சென்டிமீட்டர் பந்து நுழையாத மாதிரி போடுங்கள், வெளிநாட்டு விதிகளில் அந்த 10 சென்டிமீட்டர்தான் அளவு, குழந்தையின் தலை போகாது. கைப்பிடி ஓரமாகப் பூந்தொட்டி, பழைய ஸ்டூல், வாஷிங் மெஷின் எதையும் வைக்க விடாதீர்கள்.

பட்டறை_முருகேசன் எழுதியது:

தங்கச்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. படுக்கைவசக் கம்பி கேட்டு வருபவர்களிடம் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நான் அளவே எடுப்பேன்.

திருவான்மியூர்_சேகர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். செய்ததை எல்லாம் விவரமாகச் சொல்கிறேன், எங்களை மாதிரி வேறு சங்கங்களுக்கும் உதவும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் கமிட்டியில் இருவரும் 24 பால்கனியிலும் கப்பைத் தூக்கிப் பார்த்தோம். பால்கனிக்கு நான்கு போஸ்ட், மொத்தம் 96. முருகேசன் சார் சொன்னது அப்படியே இருந்தது. பைப் 50 எம்எம், 16 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெல்லியது), நல்ல சரக்குதான். ஆனால் 61 போஸ்ட்டில் ஆங்கர் இல்லை, பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும்தான். மீதி 35-ல் ஆங்கர் போல்ட் இருந்தது, ஏன் பாதியில் மாற்றினார்கள் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, வேலை நடந்தபோது சரக்கு தீர்ந்திருக்கலாம். இரண்டாவது மாடி நடு போஸ்ட்டின் ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஸ்க்ரூடிரைவரே தேவைப்படவில்லை, விரலால் திருகினாலே வந்தது. மரையில் வெள்ளை மாவு. தலைக்குக் கீழே துரு தின்று, இருந்த தடிமனில் பாதிதான் மிச்சம். பைப் எஸ்எஸ், ஸ்க்ரூ சாதா இரும்பு, கப்புக்குள் உப்புத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. கிரானைட்டில் வழிந்திருந்த அந்தப் பழுப்புக் கோடு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது வாரம் சோதனைக் கூடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் கூட நின்றார். ஆறு பால்கனிப் போஸ்ட்டும் மாடிப்படியில் மூன்று போஸ்ட்டும் பார்த்தோம். ஆங்கர் போட்ட மூன்று போஸ்ட்டும் 90 கிலோவில் ஐந்து நிமிடம் நின்றன, தலை 14-லிருந்து 17 எம்எம் வரை நகர்ந்தது, எடையை எடுத்ததும் ஒரு எம்எம் மிச்சம் வைத்துத் திரும்பிவிட்டது. ஸ்க்ரூ போட்ட மூன்றில் ஒன்று 70 வரை வந்து பேஸ் பிளேட் உள்பக்கம் தூக்கிக்கொண்டது, நிறுத்திவிட்டோம். இன்னொன்று 50. சிலிக்கான் அடைத்த அந்த நடு போஸ்ட் 30 கிலோவில் சத்தமே இல்லாமல் சாய்ந்தது, டயல் கேஜின் முள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கயிறு கட்டியிருந்ததால் தொங்கி நின்றது. அந்த வீட்டு அம்மா உள்ளே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே வந்து ஒன்றும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாடிப்படியில் நான் எதிர்பார்க்காத விஷயம். அங்கே மூன்றிலும் ஆங்கர் சரியாக இருந்தது, ஆனால் பைப் 38 எம்எம், 18 கேஜ். 80 கிலோவில் தலை 60 எம்எம் சாய்ந்தது, அடி அசையவில்லை, எடையை எடுத்த பிறகும் 22 எம்எம் வளைந்தே நின்றது. 134 வரை போக வேண்டாம் என்று இன்ஜினியர் நிறுத்திவிட்டார்.

கட்டமைப்பு_செல்வி எழுதியது:

மாடிப்படியில் நடந்தது கணக்கிலேயே தெரியும் விஷயம். 38 எம்எம் 18 கேஜ் பைப்பைவிட 50 எம்எம் 16 கேஜ் பைப் வளைவைத் தாங்குவதில் ஏறக்குறைய 2.4 மடங்கு. 1.4 மீட்டர் இடைவெளியில், 0.75 கணக்கில், உங்கள் மெல்லிய பைப்பில் வரும் அழுத்தம் 304 எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லையைப் போல நான்கு மடங்கு. அங்கே ஆங்கரை மாற்றிப் பயனில்லை, போஸ்ட்டையே மாற்றி, இடைவெளியையும் ஒரு மீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். பால்கனியில் தலைகீழ், பைப்பை வைத்துக்கொள்ளலாம், பிடிமானத்தை மட்டும் மாற்றினால் போதும். சோதிக்காமல் மொத்தத்தையும் பிடுங்கியிருந்தால் நல்ல 50 எம்எம் பைப்பைக் காயலான் கடைக்கு அனுப்பியிருப்பீர்கள், சோதிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆங்கர் மாற்றும்போது நீளத்தைக் கான்கிரீட்டிலிருந்து கணக்கிடுங்கள், கிரானைட்டின் மேலிருந்து அல்ல. கிரானைட்டும் கலவையும் 65 எம்எம் போனால் அதற்குக் கீழேதான் பிடிமானம் தொடங்குகிறது. இன்ஜினியர் ஒவ்வொரு மாடியிலும் ஸ்லாப் எவ்வளவு தடிமன், விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும்.

பட்டறை_முருகேசன் எழுதியது:

வேலை செய்ய வருகிறவர்களிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள் சார். கெமிக்கல் ஆங்கர், அதாவது ஓட்டையில் பசை விட்டுப் பிடிக்க வைக்கும் ஆங்கர், போடும்போது ஓட்டையை பிரஷ் விட்டுத் தேய்த்து, பம்ப் வைத்து ஊதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். உள்ளே பொடி இருந்தால் பசை பொடியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. பசை காய்வதற்கு டியூபில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறதோ அதற்கு முன்னால் நட்டைத் தொடக்கூடாது, சாயங்காலம் வண்டி கிளம்ப வேண்டும் என்பதற்காக அன்றைக்கே முடுக்கி விடுவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். ஸ்டட் (பசைக்குள் இறக்கும் மரைக் கம்பி), நட், வாஷர் மூன்றும் 316-ல் கேளுங்கள், பில்லில் எழுதச் சொல்லுங்கள். கப்பைச் சிலிக்கான் போட்டு முழுக்க மூடாமல் கீழே ஒரு பக்கம் சின்ன இடைவெளி விடுங்கள், உள்ளே போகிற தண்ணீர் வெளியே வரட்டும். வருடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்கவும் வசதி.

புதிதாகப் போட்டதிலும் மாடிக்கு இரண்டு போஸ்ட்டை அதே ஜாக்கி வைத்துத் தள்ளிப் பார்த்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். நல்ல வேலைக்காரன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

திருவான்மியூர்_சேகர் எழுதியது:

குறித்துக்கொண்டேன் சார், ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறோம். கவிதா மேடம், நாங்களும் அளந்தோம். எங்களுக்கு 97 சென்டிமீட்டர்தான் இருக்கிறது, அடியைத் திறந்து வேலை செய்யும்போதே மேலே ஒரு பைப் சேர்த்து 1.05 மீட்டர் ஆக்கிவிடலாம் என்று முருகேசன் சார் மாதிரியே ஒருவர் சொன்னார். உயரம் கூடினால் அடியில் இழுவையும் கூடும் என்று செல்வி மேடத்தின் கணக்கைக் காட்டி, அதற்கும் சேர்த்து ஆங்கர் அளவு போடச் சொல்லி இன்ஜினியரிடம் கேட்டிருக்கிறோம்.

பதினொரு வீட்டில் கைப்பிடியில் கொடிக்கயிறு கட்டியிருந்தார்கள், ஈரத் துணியோடு அது வருடக்கணக்கில் போஸ்ட்டை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு சுவரிலிருந்து சுவருக்குக் கம்பி போட்டுக்கொடுத்துவிட்டோம். இரண்டாவது மாடி வேலை வருகிற சனிக்கிழமை ஆரம்பிக்கிறது, தேருக்கு முன்னால் பால்கனி 24-ம் முடிந்துவிடும், மாடிப்படி அதற்கு அடுத்த மாதம். முடியாமல் ஏதாவது பால்கனி பாக்கி நின்றால் அன்றைக்கு அந்தக் கதவைப் பூட்டி, அந்த வீட்டுக்காரர்கள் கீழே எங்களோடு வாசலில் நின்று தேர் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.